ஜும்மா நேரத்துப் பச்சைக் கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஆம்பூர் பக்கம் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் நடந்தது இது. கம்பெனி பேர் வேண்டாம், ஆட்கள் பேரும் வேண்டாம். யாருடைய பேரையும் இழுத்துவிடக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு வீடு அணைக்கட்டு பக்கத்துக் கிராமம். விடிந்ததும் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டும்போது இறங்குவேன். வேலை சாம்பிள் செக்‌ஷனில். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அடுத்த சீசனுக்கான டிசைனை அனுப்புவார்கள். அதன் அளவு, தோல், நூல், அடிப்பகுதி, கொக்கி என்று எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் ஷீட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. ஒரு ஷூவின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துத்தான் அட்டை வெட்டுகிறவர், தோலை வெட்டும் இரும்பு அச்சு செய்கிறவர், அடிப்பகுதி கொடுக்கிறவர் எல்லோரும் வேலை செய்வார்கள்.

ஷூ கடைக்கு வரும்வரை டிசைன் வெளியே போகக் கூடாது. அந்த விஷயத்தில் எங்கள் கம்பெனி படு கறார். உள்ளே நுழையும்போதே ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாம்பிள் ஷூக்களை எண்ணி அலமாரியில் பூட்டுவார்கள். மிஞ்சியதைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் செக்யூரிட்டி முன்னிலையில் கத்தரியால் குறுக்கே வெட்ட வேண்டும். புதுத் தோலை அப்படி வெட்டும்போது ஆரம்பத்தில் எனக்கு மனசே கேட்காது.

தோலுக்கு இத்தனை காவல். ஃபைலுக்கு? அதற்கும் வெளிநாட்டுக்காரர்களே ஒரு வழி கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய தளத்தில் பாஸ்வேர்டு போட வேண்டும், ஃபோனுக்கு ஆறு நம்பர் வரும், அதைப் பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும். யார் எப்போது திறந்தார்கள் என்று அங்கே பதிவாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அச்சு செய்கிறவர் தினமும் செக்‌ஷன் போனுக்குக் கூப்பிட்டு என் உயிரை எடுப்பார்.

"மேடம், அந்த ஆறு நம்பரு வரவே இல்ல மேடம்."

"வந்திருக்கும், பாருங்க."

"வந்துச்சு, கண்ணாடி எடுக்கறதுக்குள்ள பூட்ச்சு. பேஜாரு மேடம் இது."

நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மகா புத்திசாலியாட்டம் ஒரு வேலை செய்தேன். ஷீட்டை எடுத்து என் சொந்தக் கணக்கில் இணையத்தில் ஏற்றினேன். 'லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம், திருத்தலாம்' என்ற இடத்தில் ஒரு டிக். லிங்க்கை மூன்று பேருக்கு அனுப்பினேன். அவ்வளவுதான். பாஸ்வேர்டு கிடையாது, நம்பர் கிடையாது. அச்சுக்காரர் என்னைத் தெய்வமே என்றார். சாம்பிள் சீக்கிரம் முடிகிறதே என்று மேனேஜரும் மெச்சினார். எப்படி முடிகிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பெண்கள் ஷூவுக்கு ஷீட் போட்டுக்கொண்டிருந்தேன். மூக்குப் பகுதியில் அரிசி அளவில் ஏழு துளை. கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டை, வெளிப்பக்கம் கொக்கி. பார்த்தாலே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம். ஜும்மா தொழுகைக்காகப் பன்னிரண்டரைக்கு மிஷின்கள் நின்றால் இரண்டு மணிக்குத்தான் திரும்ப ஓடும். தொழப் போகிறவர்கள் போய்விடுவார்கள், மற்றவர்கள் வெளியே மரத்தடியில் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். ஹாலில் லைட்டை அணைத்துவிடுவார்கள். காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த இடம் திடீரென்று அடங்கினால் காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும். வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள் இருட்டில் தலை குனிந்து நிற்கும். அந்த நேரத்தில் கண்ணாடி ரூமில் நான் மட்டும் உட்கார்ந்து, புளிச்சோறு சாப்பிட்டபடி வேலை பார்ப்பேன்.

இடது காலில் பட்டையும் கொக்கியும் வரும் படத்தை முடித்தேன். அதைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வலது காலுக்குப் போட வேண்டும். சோற்றுக் கையோடு அவசரத்தில் திருப்பாமலே ஒட்டிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மணி ஒன்றரை இருக்கும். ஷீட்டின் மேல் மூலையில் என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் வட்டம் வந்தது. பேர் இல்லை. 'பெயர் தெரியாதவர்' என்று மட்டும் இருந்தது. ஷீட்டுக்குள் ஒரு பச்சைக் கட்டம். அவர் இப்போது எந்த இடத்தைப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் அது நிற்கும்.

அச்சுக்காரர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் பார்ப்பது அளவுகளை மட்டும்தான், வந்த வேகத்தில் போய்விடுவார். இந்தப் பச்சைக் கட்டம் அவசரமே படவில்லை. தோல் கொடுப்பவரின் பேரில் நின்றது. நூல் நம்பரில் நின்றது. ஒவ்வொரு வரியாக இறங்கியது, யாரோ விரல் வைத்துப் படிப்பதுபோல. நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அங்கே வந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அங்கேயும் வந்தது. நான் கடைசி வரியில் ஒரு காலிக் கட்டத்தில் போய் நின்றேன். பச்சைக் கட்டம் எனக்குப் பக்கத்துக் கட்டத்தில் வந்து நின்றது. அங்கே படிக்க ஒன்றுமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். இருட்டு ஹாலும் மிஷின்களும்தான். 'பகல் ஒன்றரை மணிக்குப் பேயா, போடி' என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஷீட்டை மூடினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். லிங்க்கையும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

இரண்டு மணிக்கு ஷீட்டைத் திரும்பத் திறந்தேன், அப்போது மாஸ்டர் வந்தார். மாஸ்டர் என்றால் அட்டையில் மாதிரி வெட்டுகிறவர். சாம்பிள் செக்‌ஷனுக்கு அவர்தான் உயிர். பதினோரு வருடமாக எனக்கு அடுத்த மேஜை. நெற்றியில் வேர்வை காயாமல் தொழுதுவிட்டு வந்தவர், நின்றபடியே என் திரையை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், ரெண்டும் ஒரே காலா? எந்த ஊரு பொம்பளைக்கு செய்றோம் இத?"

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கொக்கியும் இடப்பக்கம். இடது காலுக்கு வெளியே, வலது காலுக்கு உள்ளே.

"புளிச்சோறு ஜாஸ்தியாயிட்ச்சி போல" என்று கிண்டல் செய்துகொண்டே போய் உட்கார்ந்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அதே நிமிடம் திருத்தினேன். அந்தத் தவறு உலகத்தில் இருந்தது ஒரு ஜும்மா இடைவேளை மட்டும்தான். அதை அத்தோடு மறந்தும் போனேன்.

ஆவணியில் வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. இங்கே ஏதோ சந்தையில் யாரோ எடுத்த ஒரு ஃபோட்டோ அதில் இருந்தது. சாக்கு விரித்து ஷூ குவித்திருந்தார்கள், மேலாக ஒன்று. கத்தரிப்பூ நிறம், ஏழு துளை, கணுக்கால் பட்டை. ஒற்றை ஷூதான், இடது கால். எங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது, இன்னும் எந்தக் கடைக்கும் போகாதது, அங்கே சாக்கில் கிடந்தது. எப்படி வெளியே போனது என்று சொல்லும்வரை புது ஆர்டர் எதுவும் கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"யார் யாருக்கும்மா போவுது இந்த ஃபைலு?"

"எனக்கு, மாஸ்டருக்கு, அச்சுக்காரருக்கு, அடிப்பகுதி குடுக்கறவருக்கு சார்."

அந்த டிக்கைப் பற்றி நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன்.

"அட்ட மாதிரி மொத்தமும் மாஸ்டர் கையிலதானே இருக்குது? அவுரு மச்சான் பேரணாம்பட்டுல வீட்ல வச்சே செருப்பு போடறாராமே?"

மாஸ்டரின் மச்சான் நாலு மிஷின் போட்டு ஆண்கள் செருப்பு தைக்கிறார். அது ஊருக்கே தெரியும். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்குமா?" என்றார்.

நான் தலையாட்டினேன். 'இருக்கலாம்' என்பதற்கும் 'ஆமாம்' என்பதற்கும் நடுவில் ஒரு ஆட்டல். யாராவது வந்து அது எதற்கென்று கேட்டால் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளலாம். அன்றைய என் சாமர்த்தியம் அப்படி.

மறுநாள் மாஸ்டரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. "இன்னா பண்ணேன்னாவது சொல்லுங்க சார்" என்று ஒருமுறை கேட்டார். தன் கத்தியைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் "வர்றேன் மேடம்" என்றார். நான் திரையைப் பார்த்தபடியே சரி என்றேன்.

எங்கள் தொழிலில் டிசைன் விற்றவன் என்று ஒருவனுக்குப் பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த கேட்டும் திறக்காது. ஆள் போய்ச் சேர்வதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிடும். கத்தி பிடித்தே பழகிய கை, வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அவராகத்தான் இருக்கும் என்று நம்பத் தொடங்கினேன். அப்படி நம்பினால் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நம்பிக்கைக்கு இன்னும் வலு வந்தது. மிஷின்கள் நின்றன, லைட்டுகள் அணைந்தன, தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு ஒலித்து அடங்கியது. பக்கத்து மேஜையில் மாஸ்டரின் தோல் துண்டுகள் அப்படியே கிடந்தன. நான் அந்தப் பழைய ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சரியாக ஒன்றரைக்கு சாம்பல் வட்டம் வந்தது. பச்சைக் கட்டம் நேராக என் பக்கத்தில் வந்து நின்றது. நகர்ந்தேன், நகர்ந்தது.

மாஸ்டர்தான், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார் என்று தீர்மானித்தேன். கோபத்தில் காலிக் கட்டத்தில் 'யார் நீங்க?' என்று டைப் அடித்தேன். பச்சைக் கட்டம் என் எழுத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கேள்வி ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழிந்தது. கட்டம் காலியானதும் வட்டமும் மறைந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

புரட்டாசி ஞாயிறு ஒன்றில் வீட்டுக்காரர், பிள்ளைகளோடு அமிர்தி போனோம். வனத்துக்குள் நடந்தால் அருவி. மழை பெய்து ஓரளவு தண்ணீர் இருந்தது. இவர்கள் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஒட்டவில்லை. பாறை ஓரமாக நடந்து கொஞ்சம் தள்ளிப் போனேன். அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. மரநிழலில் பகலே மங்கலாக இருந்தது. அருவிச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை.

ஒரு தட்டைப் பாறை மேல் ஒரு ஜோடி ஷூ இருந்தது. பக்கத்தில் யாருமில்லை. யாரோ அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பதுபோல ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது.

கத்தரிப்பூ நிறம். ஏழு துளை.

ஃபோட்டோவில் பார்த்ததுதான், நேரில் பார்ப்பது வேறு. அந்த ஷூ அப்போது அதைச் செய்யச் சொன்ன நாட்டிலேயே கடைக்கு வந்திருக்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தேன். குனிந்தவள் அப்படியே பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கொக்கியும் இடப்பக்கம் இருந்தன.

வலது காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இன்னும் ஈரமும் சூடும் இருந்தது. என் தவறுதான். புளிச்சோற்றுக் கையோடு நான் செய்து, நானே அழித்த தவறு. இரண்டே மணி நேரம் கூட உயிரோடு இல்லாத அது, தோலும் நூலுமாக உருவெடுத்து, காட்டுக்குள் வந்து எனக்காகக் காத்திருந்ததுபோல இருந்தது.

"அக்கா, அது என்துக்கா. இன்னாத்துக்கு எடுத்தீங்க?"

தூக்கிவாரிப்போட்டது. முடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நெமிலி பக்கமாம். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"சந்தையிலக்கா. டெம்போல வந்து வித்தாங்க. ஒரு கால்ல கொக்கி உள்பக்கம் இருக்குது, நடந்தா இந்தக் கால உரசுது பாருங்க" என்று கணுக்காலைக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. "கேட்டா, இதான் ஃபாரின் மாடலுன்றான்."

அவள் அதை மாட்டிக்கொண்டு கொஞ்சம் காலை அகட்டியபடியே நடந்து போனாள். அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே வேறொரு நினைப்பு வந்தது. அதை நினைத்தபோது வந்த பயம், ஷூவைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிது.

இது மாஸ்டராக இருக்கவே முடியாது.

அந்தத் தவறு இருந்த நேரத்தில் அவர் தொழுகையில் நின்றிருந்தார். அதைக்கூட விடுங்கள். தவறான அந்தப் படத்தை நின்றபடி ஒரு பார்வையில் கண்டுபிடித்த மனுஷர் அவர். அவர் திருடியிருந்தால் கொக்கியைச் சரியான பக்கத்தில் வைத்துத்தான் செய்திருப்பார். வேண்டுமென்று முயன்றாலும் அந்தக் கைக்கு அப்படித் தப்பாக வெட்ட வராது. இதைச் செய்தவன் தொழில் தெரியாதவன், ஷீட்டில் கண்டதை அப்படியே அச்செடுத்தவன். ஷீட்டை அவனுக்குத் திறந்துவிட்டவள் நான்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரு வக்கீல் பேசிக்கொண்டே வந்தான். சும்மா இருந்துவிடு, யாருக்குத் தெரியும், உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

திங்கட்கிழமை வண்டியை விட்டு இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் மேனேஜர் ரூமுக்குப் போனேன். டிக் போட்டது, லிங்க் அனுப்பியது, கொக்கி, பச்சைக் கட்டம், அமிர்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியில் "அன்னிக்கி தல ஆட்டினேனே சார், அதுவும் தப்பு" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீ சொல்லாமலே இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். திட்டுகிறாரா வருத்தப்படுகிறாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்த ஒரு தம்பியை வரவழைத்தார்கள். அவர் தோண்டித் துருவிப் பார்த்தார். நான் மூன்று பேருக்குக் கொடுத்த லிங்க்கை அச்சுக்காரர் தன் ஆளுக்கு அனுப்பியிருக்கிறார், அந்த ஆள் கொக்கி விற்பவருக்கு அனுப்பியிருக்கிறார், கொக்கிக்காரர் ஏதோ ஒரு பெரிய குரூப்பில் போட்டுவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை, வேலை சுளுவாகட்டும் என்றுதான். அந்தக் குரூப்பில் யார் யார் இருந்தார்கள், யார் திறந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பேர் கேட்காத கதவில் நுழைந்தவன் பேரை எங்கே போய்த் தேடுவது?

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "அது என் பின்னாடியே வந்துச்சே தம்பி, எப்படி?"

"மேல உங்க படம் தெரியுதில்ல மேடம், அத அமுக்கினா நீங்க எங்க இருக்கீங்களோ அங்க கொண்டுபோயிடும்."

"என் படம் அவுங்களுக்குத் தெரியுமா?"

"உங்க பேரும் தெரியும் மேடம். உங்களுக்குத்தான் அவங்களத் தெரியாது."

அதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடித்தார். நான் திரை மூலையில் இருந்த என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் அந்த ஷூவையே கைவிட்டுவிட்டார்கள். அலமாரியில் இருந்த சாம்பிள்களை எண்ணி வெட்டினோம். நான்தான் வெட்டினேன். நடந்ததை மறைக்காமல் எழுதியதால் மற்ற ஆர்டர்களைத் தொடர்ந்தார்கள், ஆனால் எல்லா ஃபைலும் அவர்கள் தளம் வழியாகத்தான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என்னை ஆறு மாதம் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். வேலை போகாததே பெரிய விஷயம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், ஒரு புதன்கிழமை வந்தார். நான் பேக்கிங்குக்குப் போகுமுன் கடைசி நாள் அது. கத்தியைக் காகிதத்திலிருந்து பிரித்து மேஜை மேல் வைத்தார். ஆள் இளைத்திருந்தார்.

"தெருவுல சலாம் சொன்னா பதிலு சொல்றதுக்கு யோசிச்சாங்க மேடம்" என்றார், கத்தியைத் துடைத்தபடி. "அத விடுங்க. நீங்களும் நம்பிட்டீங்க இல்ல?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"ஆமா மாஸ்டர். நம்பிட்டேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். அட்டையை இழுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் கழித்து பழைய மேஜைக்கே வந்துவிட்டேன். இப்போது பாஸ்வேர்டு, ஆறு நம்பர், பத்து நிமிடம் எல்லாம் உண்டு. ஒவ்வொருவருக்கும் போகும் ஷீட்டில் அவரவர் பேர் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஓடும். இரண்டு நாளில் லிங்க் தானே செத்துப்போகும். அச்சுக்காரர் இன்னமும் கண்ணாடியைத் தேடுகிறார். நானும் பொறுமையாக இன்னொரு முறை நம்பர் அனுப்புகிறேன். மாஸ்டர் பேசுகிறார், ஆனால் பழைய கிண்டல் கம்மி. புளிச்சோற்றைப் பற்றி ஒருமுறைகூட எடுத்ததில்லை.

அந்தப் பழைய ஷீட்டை அழிக்க வேண்டாம், ஆதாரமாக இருக்கட்டும், பூட்டி மட்டும் வையுங்கள் என்று சென்னைத் தம்பி சொல்லியிருந்தார். பூட்டிய முதல் வெள்ளிக்கிழமையே ஒன்றரை மணிக்கு எனக்கு ஒரு மெயில் வந்தது. எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிய ஒரு முகவரி. 'இந்த ஃபைலைத் திறக்க உங்கள் அனுமதியைக் கேட்கிறார்' என்றிருந்தது. மறுத்தேன். அடுத்த வெள்ளியும் வந்தது. அந்த முகவரியைத் தடுத்தோம், வேறு முகவரியிலிருந்து வந்தது. மூன்று வருடமாகியும் நிற்கவில்லை. செத்துப்போன ஒரு ஷூவின் ஷீட்டில் இன்னும் என்ன வேண்டும் என்று புரியவில்லை. எல்லா நாளையும் விட்டுவிட்டு ஏன் அந்த நேரம்? அதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். அவர் இருக்கும் இடத்திலும் அப்போது மிஷின்கள் நிற்கின்றன. அவரும் என்னைப்போல இருட்டு ஹாலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தினமும் நான் ஏறும் வண்டி கடந்து போகும் ஏதோ ஒரு கம்பெனி கேட்டுக்குள் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமைகளில் தொழப் புறப்படும்போது மாஸ்டர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். நான் எல்லா ஃபைலையும் மூடி, கம்ப்யூட்டரைப் பூட்டி, எழுந்து வெளியே வந்த பிறகுதான் நடப்பார். அந்த ரூமில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். போன வாரம் அவருக்குப் புறப்பட லேட்டாகிவிட்டது. அவர் அப்படி வந்து நின்றிருந்தபோதே அந்த மெயில் வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து படித்தோம்.

"இன்னும் வர்றானா?" என்றார்.

"வர்றான் மாஸ்டர்."

"பூட்டுங்க" என்றார்.

பூட்டினேன். என் பேரும் முகமும் தெரிந்த அந்த முகமில்லாத ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் பயம்தான். ஆனால் பதினோரு வருடம் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த மனிதரை ஒரு தலையாட்டலில் திருடனாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேனே, அந்த என்னை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.